கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும்: மறுப்பதற்கு முன் விளங்கிக்கொள்ளல்

இஸ்லாமிய நாகரிகம், மெய்யியல் ஆகிய பாடங்களைக் கற்கும் மாணவியரின் குறிப்புக் கொப்பிகளில் ஒரு வரி பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மெய்யியலை எதிர்த்தார். இப்னு ருஷ்த் அதனை ஆதரித்தார் என்பதே அந்த வரி. பரீட்சைக்கு இது பயன்படலாம். ஆனால் இந்த ஒரே வரியிலிருந்து நமது சமூகத்தில் இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மெய்யியல் ஈமானுக்கு ஆபத்தானது, அதனால்தான் இமாமவர்கள் அதனை எதிர்த்தார்கள் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். உயர்தர வகுப்பில் அளவையியலைத் தெரிவு செய்ய விரும்பும் பெண்பிள்ளையின் வீட்டில் சில வேளைகளில் எழும் தயக்கத்துக்கும் இந்த எண்ணமே காரணமாகிறது. கஸ்ஸாலியோடு முஸ்லிம்களின் அறிவு வளர்ச்சியே நின்றுபோய்விட்டது என்று மற்றொரு சாரார் எழுதுகின்றனர்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. அந்த இரு அறிஞர்களும் எழுதிய நூல்களில் உண்மையில் என்ன இருக்கிறது என்று இரு சாராருமே பார்ப்பதில்லை. அவர்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள், எதனை ஏற்றார்கள், எதனை மறுத்தார்கள், எப்படி மறுத்தார்கள் என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேள்வி பிறந்த இடம்

அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் பக்தாத் நகரில் கிரேக்க நூல்கள் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. மருத்துவம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு அரிஸ்டோட்டிலின் அளவையியலும் மெய்யியலும் அரபுக்கு வந்தன. இத்துறை அரபியில் ‘பல்ஸபா’ என்றும், அதில் ஈடுபட்டோர் ‘பலாஸிபா’ என்றும் அழைக்கப்பட்டனர். அரிஸ்டோட்டிலை ‘முதலாம் ஆசான்’ என்று கொண்டு, அவருக்கு அடுத்த இடத்தில் ‘இரண்டாம் ஆசான்’ எனப் போற்றப்பட்டவர் கி.பி. 950இல் காலமான அல்-பாராபி ஆவார்.

அவருக்குப் பின் வந்தவர் புகாராவுக்கு அருகில் 980இல் பிறந்த இப்னு ஸீனா. அரிஸ்டோட்டிலின் மெய்யியல் நூலொன்றை நாற்பது தடவைகள் படித்தும் விளங்காமல், மூன்று திர்ஹம் கொடுத்து வாங்கிய அல்-பாராபியின் சிறு நூலொன்றைப் படித்த பின்னரே அதன் நோக்கத்தை விளங்கிக்கொண்டதாக அவர் தமது வாழ்க்கைக் குறிப்பில் கூறுகிறார்.

இப்னு ஸீனாவின் அடிப்படை நிலைப்பாடு இதுதான். நாம் காணும் பொருள்கள் எல்லாம் இருக்கவும் கூடும், இல்லாமற் போகவும் கூடும். அப்படியானால் அவை இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்துக்கும் இன்னொரு காரணம் வேண்டும். இந்தத் தொடர் முடிவில்லாமல் போக முடியாது. பிறிதொன்றின் தேவையின்றித் தானாகவே இருந்தேயாக வேண்டிய ஒருவனில் அது முடிய வேண்டும். அவனே ‘வாஜிபுல் வுஜூத்’, அதாவது இருந்தே தீர வேண்டியவன்.

இதுவரை மார்க்க அறிஞர்களுக்கும் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் இப்னு ஸீனா இதிலிருந்து மேலும் சென்றார். சூரியன் இருக்கும்போதே ஒளியும் இருப்பதுபோல, காரணம் என்றென்றும் முழுமையாக இருந்தால் அதன் காரியமாகிய உலகமும் தொடக்கமின்றி என்றென்றும் இருக்க வேண்டும் என்றார். அல்லாஹ் தனித்தனிச் சம்பவங்களையும் பொதுமையான ஒரு முறையிலேயே அறிகிறான் என்றார். மறுமையின் இன்பதுன்பங்களை உடலுக்கன்றி ஆன்மாவுக்குரியனவாக விளக்கினார். ஒரு மனிதர் தொழுது கேட்கும் துஆவை இறைவன் அந்தத் தனி மனிதரின் துஆவாக அறிகிறானா என்ற கேள்வி இங்கே எழுந்துவிடுகிறது. ஆகவே கஸ்ஸாலியின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு முஸ்லிமின் அன்றாட வழிபாட்டையும் தொடுகின்ற விடயம் அதில் இருந்தது.

ஐயத்தை மறைக்காத இமாம்

இமாம் கஸ்ஸாலி 1058இல் ஈரானின் குராஸான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார். நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்-ஜுவைனியிடம் கற்றார். 1091இல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாத் நிஸாமிய்யாக் கலாபீடத்தின் பேராசிரியரானார். அக்காலத்தில் ஓர் ஆலிமுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அது ஒன்றாகும்.

பிற்காலத்தில் அவர் ‘அல்-முன்கித் மினழ் ழலால்’ என்ற சிறு நூலை எழுதினார். ‘வழிகேட்டிலிருந்து மீட்பது’ என்பது இப்பெயரின் பொருள். தமது அறிவுத் தேடலை அவர் அதில் விவரிக்கிறார். பெற்றோரும் ஆசிரியரும் சொன்னதால் மட்டும் ஒன்றை நம்புவது உறுதியான அறிவாகுமா என்று அவர் தம்மைத் தாமே கேட்டார். உறுதியான அறிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணமும் தருகிறார். பத்து மூன்றைவிடப் பெரியது என்பது நமக்குத் தெரியும். ஒருவர் வந்து மூன்றுதான் பெரியது என்று கூறி, அதனை நிரூபிக்கத் தம் கைத்தடியைப் பாம்பாக மாற்றிக் காட்டினாலும், அவரது வல்லமையைப் பார்த்து வியப்போமே தவிர பத்து பெரியது என்பதில் நமக்குச் சந்தேகம் வராது. அத்தகைய உறுதியையே அவர் தேடினார்.

முதலில் அவர் புலன்களைச் சோதித்தார். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் நாணயமளவு தெரிகிறது. அது பூமியைவிடப் பெரியது என்று கேத்திர கணித ஆதாரங்கள் காட்டுகின்றன. கண்ணைப் பகுத்தறிவு திருத்துகிறது. அப்படியானால் பகுத்தறிவைத் திருத்தும் மற்றொன்று அதற்கு மேல் இருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கனவு காணும்போது அதனை மெய்யென்றுதானே நம்புகிறோம்! இந்த ஐயத்தில் அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நோயாளி போல் இருந்தார். வாதங்களால் அன்றி, அல்லாஹ் தமது நெஞ்சில் இட்ட ஓர் ஒளியாலேயே அதிலிருந்து மீண்டதாக எழுதுகிறார்.

அதன் பின்னர் பகுத்தறிவின் அடிப்படை உண்மைகளை அவர் கைவிடவில்லை, மீண்டும் ஏற்றுக்கொண்டார். முஸ்லிம் உலகம் முழுவதும் மதிக்கும் ஓர் இமாம் தமக்கு ஐயம் ஏற்பட்டதை மறைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பிறர் பயன்பெறட்டும் என்று அதனை எழுதியே வைத்தார்.

முதலில் விளக்கம், பின்னர் மறுப்பு

ஒரு துறையின் ஆழம் வரை சென்று, அத்துறையின் சிறந்த அறிஞருக்குச் சமமாக அதனை அறியாத ஒருவர் அதனை மறுப்பது இருட்டில் அம்பெய்வது போன்றது என்பது கஸ்ஸாலியின் கருத்து. அவர் அப்படியே நடந்துகொண்டார். பக்தாதில் முன்னூறு மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே, ஓய்வு நேரங்களில் ஆசிரியர் உதவியின்றி மெய்யியல் நூல்களைப் படித்தார். இதற்கு இரண்டு வருடங்களுக்குச் சற்றுக் குறைவான காலம் எடுத்தது. பின்னர் ஏறத்தாழ ஒரு வருடம் படித்தவற்றைத் திரும்பத் திரும்பச் சிந்தித்தார்.

மெய்யியலாளரின் கருத்துகளை எந்த மறுப்பும் சேர்க்காமல் அளவையியல், இறையியல், இயற்கையியல் என்று ஒழுங்குபடுத்தி விளக்கும் நூலொன்றையும் அவர் எழுதினார். ‘மகாஸிதுல் பலாஸிபா’, அதாவது மெய்யியலாளரின் நோக்கங்கள் என்பது அதன் பெயர். ஸ்பெயினின் தொலேதோ நகரில் 12ஆம் நூற்றாண்டில் இந்நூல் லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. அதன் முன்னுரை பெரும்பாலான பிரதிகளில் இருக்கவில்லை. ஆகவே ஐரோப்பியர் பலர் கஸ்ஸாலியையும் இப்னு ஸீனாவின் வழிவந்த மெய்யியலாளர் என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தனர். தாம் எதிர்க்கப் போகும் கருத்தை எவ்வளவு நேர்மையாக அவர் எடுத்துரைத்திருந்தால் இப்படியொரு தவறு நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1095இல் முடிக்கப்பட்ட ‘தஹாபுதுல் பலாஸிபா’ என்பதே அவரது மறுப்பு நூல். மெய்யியலாளரின் தடுமாற்றம் என்று அதன் பெயரைச் சொல்லலாம். அதில் இருபது பிரச்சினைகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றுள் பதினேழை மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தப்பட்ட வழுக்கள் என்ற அளவில் அவர் கண்டிக்கிறார். உலகம் தொடக்கமற்றது, அல்லாஹ் தனித்தனி விடயங்களை அறிவதில்லை, உடல் மீண்டும் எழுப்பப்படாது என்ற மூன்றை மட்டுமே இறைமறுப்பு என்று கடுமையாகத் தீர்ப்பளிக்கிறார்.

அவர் எதிர்க்காதவற்றையும் சொல்லியாக வேண்டும். கணிதத்தை எதிர்க்கவில்லை. சூரிய, சந்திர கிரகணங்களுக்கான விளக்கம் கணிதத்தால் நிறுவப்பட்டது என்றும், மார்க்கத்தின் பெயரால் அதனை மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்றும் எழுதினார். அளவையியலை அவர் எதிர்க்கவில்லை என்பதோடு, அதைப் பற்றித் தனி நூல்களும் எழுதினார். இஸ்லாமியச் சட்டத்தின் மூலாதாரங்களைப் பற்றிய ‘அல்-முஸ்தஸ்பா’ நூலின் தொடக்கத்திலேயே அளவையியல் முன்னுரையொன்றைச் சேர்த்து, அதனை அறியாதவரின் அறிவில் நம்பிக்கை வைக்க முடியாது என்ற கருத்தையும் வெளியிட்டார். எனவே அளவையியல் கற்க விரும்பும் மகளைத் தடுப்பதற்கு இமாம் கஸ்ஸாலியைச் சாட்சிக்கு அழைக்க இயலாது.

உண்மை யாரிடமிருந்து வந்தாலும் ஏற்க வேண்டும் என்பதற்கு அவர் தந்த உதாரணம் எளிமையானது. இரத்தம் குத்தி எடுக்கும் வைத்தியரின் கிண்ணத்தில் தேனை ஊற்றி வைத்தால் பலரும் அருவருப்படைவர். ஆனால் கிண்ணத்தால் தேன் கெட்டுவிடுவதில்லை.

நெருப்பும் பஞ்சும்

தஹாபுத் நூலின் பதினேழாவது பிரச்சினை காரணகாரியத் தொடர்பு பற்றியது. நெருப்பின் அருகே பஞ்சை வைத்தால் அது எரிகிறது. நெருப்புத்தான் எரித்தது என்று நாம் சொல்கிறோம். கஸ்ஸாலி கேட்கிறார்: நாம் கண்டது என்ன? நெருப்புப் பட்டதையும் பஞ்சு எரிந்ததையும் சேர்ந்தாற்போலக் கண்டோம். நெருப்பினால்தான் எரிந்தது, எரியாமல் இருக்கவே முடியாது என்பதை எங்கே கண்டோம்?

இதற்கு அவர் தரும் உதாரணம் இது. பிறவியிலிருந்தே கண்ணில் படலம் மூடியிருந்த ஒருவருக்குப் பகற்பொழுதில் அப்படலம் நீங்குகிறது. கண்ணைத் திறக்கிறார், நிறங்கள் தெரிகின்றன. கண் திறந்ததுதான் பார்வைக்கு முழுக் காரணம் என்று அவர் நினைப்பார். சூரியன் மறைந்து இருள் சூழ்ந்ததும்தான், நிறங்கள் தெரிந்ததற்குச் சூரிய ஒளி காரணமாக இருந்தது என்று அவருக்குப் புரியும். நமக்குத் தெரியாத காரணமொன்று பின்னால் இருக்கலாம் என்பதே இதன் கருத்து. எல்லாக் காரணங்களுக்கும் பின்னால் அல்லாஹ்வின் நாட்டம் இருக்கிறது, நெருப்பும் பஞ்சும் அவன் ஏற்படுத்திய வழக்கத்தின்படி சேர்ந்து நிகழ்கின்றன என்பது கஸ்ஸாலியின் நிலைப்பாடு. நெருப்பில் இடப்பட்ட நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் எரியாமல் காக்கப்பட்டது எவ்வாறு சாத்தியம் என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை அவரே எடுத்துக்காட்டுகிறார். எதுவும் எதிலிருந்தும் வரலாம் என்றால், வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இப்போது குதிரையாக மாறியிருக்குமோ என்று ஒருவர் கேட்கலாமே! சாத்தியமான எல்லாவற்றையும் அல்லாஹ் செய்துவிடுவதில்லை, இவ்வாறு நிகழாது என்ற அறிவையும் அவனே நம்மில் படைத்திருக்கிறான், வழக்கம் மீண்டும் மீண்டும் நிகழ்வதால் அது நம் மனதில் உறுதியாகப் பதிகிறது என்பது அவர் தரும் விடை. நெருப்புக்கு எரிக்கும் தன்மை உண்டு என்று வைத்துக்கொண்டாலும் அல்லாஹ் அதனைத் தடுக்கக்கூடும் என்று இரண்டாவது விளக்கமொன்றையும் தருகிறார்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஹியூம், சேர்ந்து நிகழ்வதைத்தான் காண்கிறோம், கட்டாயத் தொடர்பைக் காண்பதில்லை என்று எழுதியது 1739இல் ஆகும். அளவையியல் வகுப்பில் ‘தொகுத்தறி முறையின் பிரச்சினை’ என்று படிப்பது இதனோடு தொடர்புடையதே. அதற்கு அறுநூறு வருடங்களுக்கும் முன்னரே, வேறொரு நோக்கத்துக்காக, கஸ்ஸாலி இக்கேள்வியை எழுப்பியிருந்தார்.

கதை வடிவில் ஒரு நிலைப்பாடு

அந்நூல் வெளிவந்த 1095ஆம் ஆண்டிலேயே கஸ்ஸாலி மற்றொரு நெருக்கடிக்கு ஆளாகி, பதவியைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார். திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா என்று பயணம் செய்தார். ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற பெருநூலை இக்காலத்திலேயே எழுதினார். 1106இல் மீண்டும் நைஸாபூரில் கற்பிக்கத் தொடங்கி, 1111இல் தூஸில் காலமானார். அவருடைய நூல்கள் முஸ்லிம் உலகின் மேற்கு எல்லையான அந்தலூஸியா வரை சென்றன. விவாதத்தின் அடுத்த கட்டம் அங்கேதான் நடைபெற்றது.

அந்தலூஸியாவில் கலீபா அபூ யஃகூப் யூஸுபின் மருத்துவராக இருந்தவர் இப்னு துபைல். மார்க்கமும் பகுத்தறிவும் எவ்வாறு தொடர்புபடுகின்றன என்ற கேள்விக்கு அவர் ‘ஹை இப்னு யக்ழான்’ என்ற கதையால் விடை சொன்னார். இந்தியத் தீவுகளுள் ஒன்றில், பூமத்திய ரேகையை ஒட்டிய ஓரிடத்தில் கதை நடக்கிறது. ஹை என்ற குழந்தையை ஒரு பெண் மான் பாலூட்டி வளர்க்கிறது. அந்தத் தாய் மான் இறந்தபோது அதனை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற தவிப்பில் அதன் மார்பைப் பிளந்து பார்க்கிறான். இதயத்தைக் காண்கிறான். அதற்குள் இருந்த ஏதோ ஒன்று வெளியேறிவிட்டது, தாம் நேசித்தது இந்த உடலை அல்ல, போய்விட்ட அந்த ஒன்றைத்தான் என்று உணர்கிறான். அங்கிருந்து தொடங்கி, விலங்குகளையும் வானத்தையும் ஆராய்ந்து, எவருடைய போதனையும் இன்றிப் படைத்தவன் ஒருவன் உண்டு என்ற முடிவுக்கு வருகிறான்.

பின்னர் அயல் தீவிலிருந்து அப்ஸால் என்ற மார்க்கப் பற்றாளர் அங்கே வருகிறார். ஹை சிந்தித்துக் கண்டதும் அப்ஸால் வேதத்திலிருந்து கற்றதும் ஒன்றே என்பதை இருவரும் காண்கின்றனர். ஆனால் அப்ஸாலின் ஊர் மக்களுக்குத் தனது சிந்தனை வழியைக் கற்பிக்க ஹை முயன்றபோது அவர்கள் முகம் திருப்புகின்றனர். அவர்களுக்கு அவர்களது ஷரீஅத்தே பொருத்தமானது என்று உணர்ந்து, அதனைப் பற்றிப் பிடிக்குமாறு கூறிவிட்டு ஹை தன் தீவுக்குத் திரும்புகிறான். ஒரே உண்மைக்கு இரு வழிகள் உண்டு, ஆனால் எல்லோரும் ஒரே வழியில் நடப்பதில்லை என்ற நிலைப்பாடு இங்கே கதையாகியிருக்கிறது. இக்கதை 1671இல் ஒக்ஸ்போர்டில் லத்தீன் மொழிபெயர்ப்புடன் வெளிவந்து ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்டது.

காழியின் பதில்

இப்னு துபைல்தான் இப்னு ருஷ்தைக் கலீபாவிடம் அறிமுகப்படுத்தியவர். வானம் தொடக்கமற்றது என்று மெய்யியலாளர் கருதுகிறார்களா, படைக்கப்பட்டது என்று கருதுகிறார்களா என்று கலீபா கேட்டபோது, இப்னு ருஷ்த் அஞ்சி, தாம் மெய்யியலில் ஈடுபட்டதே இல்லை என்று மறுத்தார் எனவும், கலீபாவே இப்னு துபைலுடன் அதுபற்றிப் பேசத் தொடங்கிய பின்னரே அச்சம் தெளிந்து பேசினார் எனவும் வரலாற்றுக் குறிப்பு உண்டு. இக்கேள்விகள் அக்காலத்தில் எவ்வளவு ஆபத்தானவையாகக் கருதப்பட்டன என்பதை இது காட்டுகிறது.

1126இல் குர்துபாவில் பிறந்த இப்னு ருஷ்த், பாட்டனாரும் தந்தையும் காழிகளாக இருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரும் இஷ்பீலியாவிலும் குர்துபாவிலும் காழியாகக் கடமையாற்றினார். ‘பிதாயதுல் முஜ்தஹித்’ என்ற அவரது பிக்ஹு நூல் இன்றும் மதரஸாக்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பயன்படுகிறது. ஒவ்வொரு சட்டத்திலும் இமாம்கள் ஏன் கருத்து வேறுபட்டனர் என்ற காரணத்தை விளக்குவதே அந்நூலின் சிறப்பு.

அவரது ‘பஸ்லுல் மகால்’ என்ற சிறு நூலும் காழியின் பார்வையிலேயே எழுதப்பட்டது. மெய்யியலைக் கற்பது ஷரீஅத்தின்படி ஆகுமானதா, விலக்கப்பட்டதா, கட்டளையிடப்பட்டதா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. படைப்புகளைப் பார்த்துச் சிந்திக்குமாறும் படிப்பினை பெறுமாறும் அல்-குர்ஆன் ஏவுகிறது. சிந்திப்பதற்கு ஒழுங்கான முறை வேண்டும். ஆகவே ஆற்றலுள்ளவர்களுக்கு அது கடமையாகிறது என்று அவர் வாதிட்டார். கிரேக்கர் முஸ்லிம்கள் அல்லரே என்ற ஆட்சேபத்துக்கும் பதில் தருகிறார். அறுப்பதற்குப் பயன்படும் கத்தி நமது மார்க்கத்தவருடையதா என்று நாம் பார்ப்பதில்லை, அதற்கு வேண்டிய நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்றே பார்க்கிறோம். மெய்யியல் கற்றுச் சிலர் வழிதவறினர் என்பதற்காக அதனைத் தடுப்பது, தண்ணீர் புரைக்கேறி ஒருவர் இறந்தார் என்பதற்காகத் தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுக்க மறுப்பது போன்றது என்றும் கூறுகிறார். கஸ்ஸாலியின் தேன் கிண்ணமும் இப்னு ருஷ்தின் கத்தியும் ஒரே பாடத்தையே சொல்கின்றன அல்லவா?

கஸ்ஸாலிக்கு அவர் எழுதிய நேரடியான பதில் ‘தஹாபுதுத் தஹாபுத்’, அதாவது தடுமாற்றத்தின் தடுமாற்றம். இதில் கஸ்ஸாலியின் நூலைப் பகுதி பகுதியாக எடுத்துத் தந்து அதன் கீழே தமது பதிலை எழுதுகிறார். எனவே மறுப்பைப் படிப்பவர், மறுக்கப்படும் கருத்தையும் அதைச் சொன்னவரின் சொற்களிலேயே படிக்கிறார். கஸ்ஸாலி சரியாகச் சொன்ன இடங்களில் அதனை ஒப்புக்கொள்வதோடு, இப்னு ஸீனா அரிஸ்டோட்டிலை விட்டு விலகிய இடங்களில் அவரையும் கண்டிக்கிறார்.

காரணகாரியம் பற்றி அவரது வாதம் கூர்மையானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இயல்பு உண்டு. அந்த இயல்பை அதன் செயலால்தான் அறிகிறோம், அதனால்தான் அதற்குத் தனிப் பெயரும் வரைவிலக்கணமும் உண்டு. எரிக்கும் தன்மை நெருப்புக்கு இல்லையென்றால் அதனை நெருப்பு என்று அழைப்பது எதனால்? காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார். கஸ்ஸாலி கூறும் ‘வழக்கம்’ யாருடைய வழக்கம் என்றும் அவர் கேட்கிறார். அல்லாஹ்வினுடையதா, பொருள்களினுடையதா, நமது மனதினுடையதா? அதேவேளை நபிமாரின் முஃஜிஸாக்களை அவர் மறுக்கவில்லை. அவை மார்க்கத்தின் அடிப்படைகள், அவற்றை விவாதப் பொருளாக்குவது அறிஞருக்குத் தகாது என்பதே அவரது நிலைப்பாடு.

இறைமறுப்பு என்று கஸ்ஸாலி தீர்ப்பளித்த மூன்று விடயங்களிலும் அத்தீர்ப்பு பொருந்தாது என்று அவர் வாதிட்டார். அல்லாஹ் தனித்தனி விடயங்களை அறிவதில்லை என்று மெய்யியலாளர் சொல்லவில்லை, அவனது அறிவு நமது அறிவைப் போன்றதல்ல என்றே சொல்கின்றனர் என்று விளக்கினார். பொருள்கள் இருப்பதால் நாம் அவற்றை அறிகிறோம். அவன் அறிவதால் அவை இருக்கின்றன. மாணவியர் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. இருவருமே அல்லாஹ்வின் அறிவு முழுமையானது என்ற ஒரே நம்பிக்கையைக் காக்கவே முயல்கின்றனர்.

இப்னு ருஷ்த் இதற்கு விலையும் கொடுத்தார். 1195இல் அவர் குர்துபாவுக்கு அருகிலுள்ள லூஸினா என்ற ஊருக்கு வெளியேற்றப்பட்டார். அவரது மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. பின்னர் மன்னிக்கப்பட்டு, 1198இல் மராகிஷ் நகரில் காலமானார். அவரது உடல் குர்துபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, வாகன மிருகத்தின் ஒரு பக்கத்தில் சந்தூக்கும் மறுபக்கத்தில் அதற்குச் சமநிலையாக அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டதாக இப்னு அரபி எழுதியிருக்கிறார்.

பெண்களைப் பற்றி

நமது கல்லூரி மாணவியர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு பகுதி இப்னு ருஷ்தின் எழுத்தில் உண்டு. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையின் அரபு மூலம் தொலைந்துவிட்டது. ஹீப்ரு மொழிபெயர்ப்பே நமக்குக் கிடைத்துள்ளது. மனித இயல்பில் பெண்ணும் ஆணும் ஒரே இனம், அளவில்தான் வேறுபாடு என்று அவர் அதில் கூறுகிறார். பெண்களுள்ளும் மெய்யியலாளரும் ஆட்சியாளரும் தோன்றக்கூடும் என்கிறார். பின்னர் தமது காலத்து நகரங்களைப் பற்றிப் பேசுகிறார். அங்கே பெண்கள் பிள்ளை பெறவும் வளர்க்கவும் மட்டுமே பயன்படுத்தப்படுவதால் அவர்களது ஆற்றல் வெளிப்படுவதேயில்லை என்றும், அவர்கள் தாவரங்களைப் போல ஆக்கப்பட்டுவிட்டனர் என்றும், அந்நகரங்களின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றும் எழுதுகிறார்.

நெருப்பு பற்றிய அவரது வாதத்தோடு இதனைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பொருளின் இயல்பு அதன் செயலால் அறியப்படுகிறது. செயற்பட வாய்ப்பே கொடுக்காமல், இவளது இயல்பு இவ்வளவுதான் என்று எவ்வாறு தீர்ப்பளிப்பது?

நமக்குரிய பாடம்

ஒரு சிந்தனையாளரை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. அவர் எந்தக் கேள்விக்கு விடை தருகிறார்? எதனை ஏற்கிறார், எதனை மட்டும் மறுக்கிறார்? தமது நிலைப்பாட்டுக்கு எதிரான மிக வலிமையான வாதத்தை அவர் எடுத்துச் சொல்கிறாரா? இக்கேள்விகளோடு பார்த்தால் ‘எதிர்த்தார்’, ‘ஆதரித்தார்’ என்ற இரு சொற்களும் எவ்வளவு குறைவானவை என்பது தெளிவாகும். இருவரும் அளவையியலை ஏற்றனர். இருவரும் பிறரிடமிருந்து உண்மையைப் பெறலாம் என்றனர். இருவருமே ஆழமான விவாதங்களை ஆயத்தமில்லாதவர் முன் வைப்பது தீங்கு என்றும் கருதினர். அதனால் படிமுறையான கல்வியை வலியுறுத்தினர்.

இந்தக் கடைசி விடயம் பெற்றோருக்கும் ஆறுதல் தரக்கூடியது. கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. கேள்வியைத் தாங்கக்கூடிய அடிப்படை அறிவையும், அதனை ஒழுங்காக ஆராயும் முறையையும், நல்ல ஆசிரியரையும் அவளுக்குக் கிடைக்கச் செய்வதே நமது பொறுப்பு. அதட்டி அடக்கப்பட்ட கேள்வி மறைந்துவிடுவதில்லை. விடை சொல்லத் தகுதியற்றவர்களிடம் போய்ச் சேர்கிறது.

நாம் ஏற்காத கருத்தொன்றை எதிர்க்கும் முன், அதனைச் சொன்னவரே கேட்டு, ஆம், நான் சொன்னது இதுதான் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எடுத்துச் சொல்ல நம்மால் முடிகிறதா? வகுப்பறை விவாதத்திலும் வீட்டுப் பேச்சிலும் இதனை ஒருமுறை முயன்று பாருங்கள். கஸ்ஸாலி ஏறத்தாழ மூன்று வருடங்கள் செலவிட்டுச் செய்த காரியம் அதுவே.